மெழுகும் மெருகும்

தமிழில் ‘மெழுகு’ என்னும் சொல் இரு பொருள் பயப்பது. பெயராக நிற்குங்கால் அது தேனடையினின்று கிடைக்கும் பொருளைக் குறிக்கும். வினையாக நிற்குங்கால் தரையைச் சாணமிட்டுப் பூசும் செயலைக் குறிக்கும். நாம் குடியேறி வாழும் இம்மலையாள நாட்டிலும் அச்சொல் இவ்விரு பொருளிலும் வழங்கக் காண்கிறோம். எண்ணெய்ப் பசையை இந்நாட்டார் ‘மெழுக்கு’ என்பர். நம் இல்லத்தரசியர் அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்ட ‘மெழுக்குப்புரட்டி’ அச்சொல்லின் வழிவந்ததே. திருவதிகைத் திருக்கோயிலில் திலகவதியார் நாள்தோறும் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தார் எனப் பெரியபுராணம் போற்றுகின்றது. மெழுகிய தரை காண்பதற்கு அழகியது. ஆயினும் அழகுக்காக மட்டும் மெழுகினாரல்லர். புழுதி எழாமலும் மண் பெயராமலும் காப்பதே மெழுகுதலின் முதற்பயன். காவல் முன்னே செல்ல, மெருகு அதன் பின்னே வந்தது.

இக்காலத்தே விடுமுறை நாள்களில் நம் காலனி வாயில்களில் கார்களுக்கு ‘வாக்ஸ்’ போடும் காட்சியைக் காண்கிறோம். அதனைச் செல்வப் பகட்டு என்று எண்ணி நகைப்போரும் உளர். ஆனால் அந்தச் சிறு டப்பாவில் அடங்கிய மெழுகின் வரலாறு, நாம் வாழும் மட்டாஞ்சேரியின் வரலாற்றோடு வியத்தகு முறையில் பின்னிக் கிடக்கிறது. அதனை ஈண்டுச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

மட்டாஞ்சேரியில் மெருகுக் கலையின் சான்றை முதலில் அரண்மனையிலேயே காணலாம். 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசர்க்கு அளித்து, பின்னர் 1663-ல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர் பெற்ற அம்மாளிகையின் சுவரோவியங்களைக் கண்டு மகிழாதார் இலர். ஆனால் காலடியில் கிடக்கும் தரையைக் குனிந்து நோக்குவோர் சிலரே. கருஞ்சலவைக் கல்லோ என ஐயுறும் வண்ணம் ஒளிரும் அத்தரை கல்லன்று. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைக் குழைத்துப் பூசித் தேய்த்து ஆக்கியது அது. இன்று குமரி மாவட்டத்தைச் சேர்ந்த பத்மநாபபுரம் அரண்மனையிலும் இத்தகைய கருந்தரை உண்டு. செட்டிநாட்டு மாளிகைச் சுவர்களிலும் முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கூடிய பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போலாக்கினர். நுண்ணிய துளைகளை அடைத்து ஈரத்தைத் தடுப்பதும், மேற்பரப்பைச் சமமாக்கி ஒளியைத் திருப்புவதும் ஒரே செயலின் இரு பயன்கள் என்பதை நம் கொத்தர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அரண்மனையை விட்டுக் காயற்கரைக்கு வருவோம். கயிற்றால் பலகைகளைத் தைத்து ஆக்கிய இந்நாட்டு வள்ளங்களை உப்புநீரினின்றும் புழுவினின்றும் காக்க, மத்தி மீனின் எண்ணெயையும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயையும் பூசுவது வழக்கம். ஓட்டெண்ணெய் கைபட்டால் தோலைப் புண்ணாக்கும் கடுமையுடையது. மரத்தின்மேல் காய்ந்தாலோ கரிய, உறுதியான போர்வையாகிவிடும். இந்த முந்திரி நம் நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இக்கரைக்கு வந்தது. 1500-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரேசில் கரையைக் கண்ட கப்ரால் என்பானுடைய கப்பல்களே, அவ்வாண்டு டிசம்பரில் கொச்சியிலும் நங்கூரமிட்டன. இவ்வாறு பிரேசிலையும் கொச்சியையும் ஒரே பயணம் முதன்முதலில் இணைத்தது.

அதே பிரேசிலின் வடகிழக்கில் மற்றொரு மரமும் வளர்கிறது. அது ‘கார்னௌபா’ என்னும் பனையினம். மழை குன்றிய அவ்விடத்தே, தன் ஈரம் வறண்டுபோகாமல் காத்துக்கொள்ள இப்பனை தன் ஓலைகளின்மேல் மெழுகுப் படலமொன்றைச் சுரந்து போர்த்திக்கொள்கிறது. ஓலையை வெட்டி வெய்யிலில் உலர்த்தித் தட்டினால் அம்மெழுகு பொடியாக உதிரும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். கார்னௌபாவோ 82 பாகைக்கு மேல்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று இது. கார் மெழுகிலும் காலணி மெருகிலும் பெயர்பெற்றது இதுவே. முந்திரி கப்பலேறி மரமாக வந்தது; கார்னௌபா டப்பாவில் அடைபட்டு மெழுகாக வந்தது. முன்னது மட்டாஞ்சேரி வள்ளத்தைக் காத்தது. பின்னது மட்டாஞ்சேரிக் காரைக் காக்கிறது.

மெல்லிய மெழுகைக் கடினப்படுத்தும் நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகுக் கருவினின்று வார்க்கப்பெற்றவை. சுவாமிமலை சிற்பியர் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் அளவறிந்து கூட்டியே கருவமைக்கின்றனர். தனிமெழுகு வெம்மையில் தளரும் என்பதையும், பிசின் சேர்ந்தால் நிலைக்கும் என்பதையும் அவர்கள் வழிவழியாக அறிவர். கார் மெழுகு செய்வோரும் கார்னௌபா, தேன்மெழுகு, பாரபின் ஆகியவற்றைக் கூட்டி, டர்ப்பண்டைன் போன்ற கரைப்பானில் இளக்கிக் களிம்பாக்கினர். பூசியபின் கரைப்பான் காற்றில் கலந்துவிடும். மெழுகு மட்டும் நிற்கும்.

இனி, காருக்கு மெழுகு ஏன் வேண்டியதாயிற்று என்பதைக் காண்போம். தொடக்க காலக் கார்கள் குதிரை வண்டிகளின் வழித்தோன்றல்கள். சென்னையில் 1840-ல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனமும் குதிரை வண்டி கட்டும் தொழிலையே செய்து, பின்னர் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பாரைக்கொண்டு நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியது. அக்கால வண்டிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷைப் பல அடுக்குகளாகப் பூசுவர். அவை முற்றும் காய வாரக்கணக்கில் ஆகும். வெய்யிலில் மங்கி வெடிக்கும். 1910-களில் அமெரிக்கச் சிகாகோ நகரத்துச் ‘சைமோனைஸ்’ முதலிய மெழுகுகள் பெயர்பெற்றது இக்குறை பற்றியே. 1920-களில் டூபாண்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ என்னும் விரைந்து காயும் பூச்சு வந்தது. 1914 முதல் 1925 வரை கருநிறத்திலேயே வெளிவந்த போர்டு கார்களின் காலம் மாறி, பல வண்ணக் கார்கள் தெருவை நிறைத்தன. ஆயினும் அப்பூச்சும் தேய்த்தாலன்றி மின்னாது, நாளடைவில் வெளிறும்.

நம் பகுதியிலோ மற்றொரு பகையும் உண்டு, அது கடல். 1920-ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டியெடுத்த மண்ணால் வெல்லிங்டன் தீவை உருவாக்கினார். பின்னர்ப் பாலங்கள் அத்தீவை இருபுறமும் நிலத்தோடு இணைத்தன. எர்ணாகுளத்துக் கார்கள் படகின் துணையின்றி மட்டாஞ்சேரிக்கு வரலாயின. வந்த கார்களை வரவேற்றவை உப்புக் காற்றும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பொழியும் மழையுமே. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை வெளிவந்த அம்பாசடர் காரை இக்கரையில் வைத்திருந்தோர், அதன் கதவடித் தகட்டைத் துரு தின்ற கதையை மறந்திரார்.

ஈண்டு ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். மெழுகு வண்ணத்தைக் காக்கும், துருவை ஆற்றாது. மெழுகிட்ட பரப்பில் நீர் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு உருண்டோடும். பறவையின் எச்சமும் மரப்பிசினும் எளிதில் பற்றா. ஆனால் துரு பெரும்பாலும் அடித்தகட்டிலும் பொருத்துகளிலும் தொடங்குகிறது. அங்கே நல்ல நீரால் உப்பைக் கழுவுதலும், அதற்கென உள்ள அடிப்பூச்சும் வேண்டும். மேலே மின்னுவதால் கீழே நலம் என்று கருதிவிடலாகாது. மெழுகிடுமுன் மணலும் புழுதியும் போகக் கழுவுதல் இன்றியமையாதது. இல்லையேல் துணியே அரமாகி வண்ணத்தைக் கீறும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மெல்லிதாகப் பூசி, உலர்ந்தபின் மென்துணியால் தேய்த்தல் நன்று. தடித்துப் பூசினால் காவல் மிகாது, கைவலியே மிகும். இக்காலக் கார்களில் வண்ணத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சொன்று உண்டு. ‘செராமிக்’ பூச்சுகளும் வந்துள்ளன. எனினும் மேலே மெல்லிய தோலொன்று நின்று, தான் தேய்ந்து உள்ளதைக் காக்கும் அடிப்படை மாறவில்லை.

இம்மெருகுக்குப் பின்னே மனிதக் கைகள் உள்ளன என்பதையும் நாம் மறத்தற்கில்லை. கொல்லத்து முந்திரிச் சாலைகளில் சாம்பலோ எண்ணெயோ கையிற் பூசிக்கொண்டு ஓடு உடைத்த பெண்டிரின் விரல்களை அந்த ஓட்டெண்ணெய் கருக்கியது. பிரேசிலின் கார்னௌபாத் தோப்புகளில் அடிமை நிலையை ஒத்த கொடுமையில் உழைத்தோரை அந்நாட்டுத் தொழிலாய்வாளர்கள் 2010-களில் மீட்ட செய்தியும் வெளிவந்தது. நம் கார்களை விடியற்காலையில் துடைத்துச் செல்லும் தொழிலாளியின் கூலியைப் பேசுங்கால் இவையெல்லாம் நம் நினைவுக்கு வருதல் தகும். வள்ளமாயினும் காராயினும் அதன் ஒளியிற் பாதி, தேய்த்த கையின் உழைப்பே.

மெழுகிய தரையும் மெழுகிட்ட காரும் ஒருமுறையோடு முடிவன அல்ல. இன்று பூசியது மழையிலும் வெய்யிலிலும் தேயும். மீண்டும் பூசுதல் வேண்டும். பிறமொழி வழங்கும் நாட்டில் நாம் பேணிவரும் தாய்மொழியும் அத்தகையதே. ஆண்டு விழாவில் ஒருநாள் மின்னுவது போதாது. இல்லந்தோறும் நாள்தோறும் புழங்கினாலன்றி அது நிலையாது. அப்பணியைக் கைசலியாது செய்வோமாக!