வெள்ளத்தைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள்: எப்போது கைகொடுக்கின்றன, எங்கே தவறவிடுகின்றன?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பிரம்மபுத்திரா, கோசி, கங்கைப் படுகைகளில் வெள்ளம் பெருகும்போதெல்லாம், ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்திலிருந்து மாநில அரசுகளுக்கு வரைபடங்கள் அனுப்பப்படுகின்றன. எந்த மாவட்டத்தில் எவ்வளவு நிலப்பரப்பு மூழ்கியுள்ளது, எந்தச் சாலை துண்டிக்கப்பட்டுள்ளது, எந்தெந்தக் கிராமங்கள் தீவாகியுள்ளன என்பதை அவை காட்டுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்த மையம், பேரிடர் மேலாண்மைக்கென்றே தனிப் பிரிவை வைத்துள்ளது. படகு எங்கே செல்ல வேண்டும், உணவுப் பொட்டலங்கள் எங்கே தேவை என்று முடிவெடுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கு இப்படங்கள் பெரும் துணை.

ஆனால், வெள்ளம் வரப்போகிறது என்று இந்தப் படங்கள் சொல்வதில்லை. செயற்கைக்கோள் அந்த இடத்தைக் கடந்த நேரத்தில் நீர் எதுவரை பரவியிருந்தது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. நாளை ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்ற முன்னறிவிப்பை வழங்குவது மத்திய நீர்வள ஆணையம். ஆற்றோரங்களில் உள்ள அளவீட்டு நிலையங்களின் தரவும் மழை அளவும் அதற்கு அடிப்படை. அந்த நிலையங்கள் பலவற்றின் அளவீடுகள் இன்சாட் செயற்கைக்கோள்கள் வழியே அனுப்பப்படுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முன்னறிவிப்பில் செயற்கைக்கோள் வெறும் தபால்காரர். வெள்ளப் படங்களில்தான் அது கண்ணாகச் செயல்படுகிறது.

மேகத்திற்குக் கீழே பார்ப்பது எப்படி?

சாதாரண ஒளிப்பட வகைச் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியைக் கொண்டே படமெடுக்கின்றன. வெள்ளம் வரும் நாள்களில் வானம் மேகத்தால் மூடியிருப்பது இயல்பு. எனவே, மிகத் தேவையான நாளில் அவற்றுக்கு வெண்மேகம் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இக்குறையைத் தீர்ப்பவை ராடார் செயற்கைக்கோள்கள். இவை தாமே நுண்ணலைகளை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கின்றன. மேகமோ இரவோ இவற்றுக்குத் தடையில்லை.

அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடி போன்றது. சாய்வாக வந்து விழும் அலையை அது மறுபுறம் திருப்பி விடுகிறது. செயற்கைக்கோளுக்கு ஏதும் திரும்புவதில்லை. ஆகவே படத்தில் நீர் கருமையாகவும், சொரசொரப்பான நிலம் வெளிறியும் தெரிகின்றன. வெள்ளத்துக்கு முந்தைய படத்தை அருகில் வைத்து, வழக்கமாக நீர் இருக்கும் ஆறு, ஏரி, குளங்களைக் கழித்துவிட்டால், எஞ்சும் கரும்பரப்பே வெள்ளம்.

இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் ராடார் செயற்கைக்கோளான ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு கனடாவின் ராடார்சாட் போன்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களின் படங்களையே இந்தியா பெரிதும் சார்ந்திருந்தது. ரிசாட்-1-இன் வழித்தோன்றலான இஓஎஸ்-04, 2022 பிப்ரவரி 14 அன்று ஏவப்பட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 படங்கள் கட்டணமின்றிக் கிடைப்பதால் அவையும் பயன்படுத்தப்படுகின்றன.

கொள்கை எளிது, நடைமுறை அவ்வளவு எளிதன்று. ஜூலை மாதத்தில் அஸ்ஸாமிலும் பீகாரிலும் நாற்று நடுவதற்காக நீர் கட்டிய வயல்கள் ராடார் படத்தில் வெள்ளம் போலவே கருத்துத் தெரிகின்றன. விவசாயி விரும்பி நிறுத்திய நீருக்கும், அவர் பயிரை அழித்த நீருக்கும் ராடார் வேறுபாடு அறியாது. பலத்த காற்று வீசினால் நீர்ப்பரப்பு அலையெழும்பிச் சொரசொரப்பாகி, நிலம் போல வெளிறித் தோன்றும். மலைப்பகுதிகளில் ராடார் அலை எட்டாத சரிவுகளின் நிழல் நீர் போலத் தெரியும்.

மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே தேங்கிய நீர் இவை அனைத்தையும் விடச் சிக்கலானது. அங்கே அலை முதலில் நீரில் பட்டு, பிறகு மரத்தண்டிலோ சுவரிலோ மோதி, நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பி வருகிறது. விளைவாக, கருமையாக இருக்க வேண்டிய இடம் பளிச்சென்று ஒளிர்கிறது. மக்கள் நெருக்கமாக வாழும் நகரப் பகுதிகளே வரைபடத்தில் வெள்ளமற்ற இடங்களாகத் தவறிப்போக வாய்ப்புண்டு என்பது இதன் பொருள். 2022 ஜூனில் பராக் ஆற்றின் பெத்துகண்டி கரை உடைந்து சில்சார் நகரம் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தபோது, மூழ்கிய பகுதிகளை வரைபடமாக்க அஸ்ஸாம் பேரிடர் மேலாண்மை ஆணையம் ட்ரோன்களையும் பறக்கவிட்டது.

படம் எடுக்கப்பட்டது முதல் கைக்கு வரும் வரை

ராடார் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் காலையும் மாலையும் சுமார் ஆறு மணியளவில் கடக்கும்படியான சுற்றுப்பாதையில் இயங்குகின்றன. ஒரே இடத்தை ஒரே கோணத்தில் மீண்டும் படம்பிடிக்க ஒரு செயற்கைக்கோளுக்குப் பல நாள்கள் ஆகும். சென்டினல்-1 வகைக் கோள் ஒன்றுக்கு 12 நாள்கள். எனவே, வெள்ளம் உச்சத்தைத் தொட்ட நள்ளிரவில் மேலே எந்தக் கண்ணும் இல்லாமல் இருப்பது சாதாரணம். மறுநாள் காலைப் படத்தில் நீர் வடியத் தொடங்கியிருக்கும்.

கடந்து சென்ற பிறகு தரவு தரைக்கு இறங்க வேண்டும். தேசிய தொலையுணர்வு மையத்தின் தரைநிலையம் ஐதராபாத் அருகே ஷாத்நகரில் உள்ளது. பின்னர் படம் திருத்தப்பட்டு, நீர்ப்பரப்பு பிரிக்கப்பட்டு, மாவட்ட எல்லைகள் பொருத்தப்பட்டு, வரைபடமாக அனுப்பப்படுகிறது. பல நாள்கள் நீர் நிற்கும் பிரம்மபுத்திராச் சமவெளிக்கு இந்த இடைவெளி பெரிய குறையன்று. மலையிலிருந்து சில மணி நேரத்தில் பாய்ந்து வடிந்துவிடும் வெள்ளத்துக்கு அது மிக நீண்ட நேரம்.

இந்த இடைவெளியைக் குறைக்கவே நாடுகள் தம் செயற்கைக்கோள்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐரோப்பிய, பிரெஞ்சு விண்வெளி அமைப்புகள் 1999-இல் முன்மொழிந்த சர்வதேசப் பேரிடர் சாசனம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் இஸ்ரோ அதில் இணைந்தது. பேரிடரில் சிக்கிய நாடு கோரினால், உறுப்பு அமைப்புகள் தம் கோள்களின் படங்களைக் கட்டணமின்றி வழங்க வேண்டும்.

இரண்டு ஏரிகள்

செயற்கைக்கோள் படம் உயிர்களைக் காப்பாற்றியதற்கு இமாசலப் பிரதேசத்தில் தெளிவான சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டு ஜூலை 31 நள்ளிரவு கடந்து சட்லெஜ் ஆற்றில் திடீர் வெள்ளம் பாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்த எச்சரிக்கையும் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், சட்லெஜின் கிளையாறான ஸ்பிதியில் கலக்கும் பரேச்சு ஆற்றை, திபெத் பகுதியில் நிலச்சரிவு மறித்து ஏரியாக்கியது. எல்லைக்கு அப்பால் இருந்த அந்த இடத்துக்கு இந்திய நிபுணர்கள் செல்ல வழியில்லை. ஐதராபாத்தில் இருந்தபடியே செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஏரியின் பரப்பு தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. கீழே ஆற்றோர மக்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. 2005 ஜூன் 26 அன்று அந்த ஏரி உடைந்தது. பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. மக்கள் முன்பே மேட்டுப் பகுதிகளுக்குச் சென்றிருந்ததால் 2000-இல் நேர்ந்தது போன்ற உயிரிழப்பு மீண்டும் நிகழவில்லை.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியின் கதை வேறு. இந்தப் பனிப்பாறை ஏரி பல பத்தாண்டுகளாகப் பெரிதாகி வருவதைச் செயற்கைக்கோள் படங்களே காட்டின. அது உடையக்கூடும் என ஆய்வாளர்களும் எச்சரித்து வந்தனர். 2023 செப்டம்பர் 17 அன்று ஏரியின் பரப்பு 162.7 ஹெக்டேர். செப்டம்பர் 28 அன்று 167.4 ஹெக்டேர். அக்டோபர் 4 காலை ஆறு மணிக்குச் சென்டினல்-1 எடுத்த படத்தில் 60.3 ஹெக்டேர் மட்டுமே. இடைப்பட்ட இரவில், உறைந்திருந்த பக்கவாட்டுக் கற்குவியல் சரிந்து ஏரிக்குள் விழ, எழுந்த பேரலை கரையை உடைத்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது.

இரண்டு படங்களுக்கிடையே சுமார் ஐந்து ஹெக்டேர் கூடியதைக் கண்டு எவரும் ஊரைக் காலி செய்ய உத்தரவிட முடியாது. பரேச்சுவில் ஆபத்து மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்தது; லோனாக்கில் ஒரே இரவில் கட்டவிழ்ந்தது. பின்னதற்குத் தேவைப்பட்டது ஏரிக்கரையிலேயே பொருத்தப்பட்ட நீர்மட்டக் கருவியும், ஒலிக்கும் சங்கும். முன்னெச்சரிக்கை அமைப்பின் முதற்கட்டக் கருவிகள் அந்தச் செப்டம்பரில்தான் அங்கு நிறுவப்பட்டிருந்தன.

கோசி விட்டுச்சென்ற தடங்கள்

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹா என்ற இடத்தில் கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைந்தது. அப்போது ஆற்றில் ஓடிய நீர் சுமார் 1.44 லட்சம் கனஅடி. கரைகள் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட அளவோ 9.5 லட்சம் கனஅடி. மிகப்பெரிய வெள்ளத்தால் அன்றி, கரையின் பலவீனத்தால் நேர்ந்த பேரிடர் அது. பீகாரின் சுபௌல், மதேபுரா, அராரியா, சகர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

சுமார் 120 கிலோமீட்டர் கிழக்கே விலகி, ஆறு தன் பழைய தடங்கள் வழியே பாய்வதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. முந்தைய இரு நூற்றாண்டுகளில் கோசி நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கு நோக்கி நகர்ந்து வந்திருந்தது. அப்போது கைவிட்ட வாய்க்கால்களை உள்ளூர் மக்கள் 'தார்' என்பர். வெள்ளமற்ற காலப் படங்களிலும் இத்தடங்கள் தெளிவாகத் தெரிபவை. கரைக்கு வெளியே இருப்பதால் பாதுகாப்பானவை எனக் கருதப்பட்ட கிராமங்கள் பல அவற்றின் மீதே அமைந்திருந்தன. வெள்ளத்தின்போது எடுக்கும் படத்தைவிட, வெள்ளமில்லாத நாளில் எடுத்த படத்தைக் கவனித்துப் படிப்பது சில வேளைகளில் கூடுதல் பயன் தரும் என்பதற்குக் கோசியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

தொகுக்கப்பட்ட நினைவு

1980-இல் தேசிய வெள்ள ஆணையம், நாட்டில் 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயத்துக்கு உட்பட்டது என மதிப்பிட்டது. அப்போது மாநிலங்கள் அளித்த கணக்குகளே ஆதாரம். இப்போது ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு துண்டு நிலமும் எத்தனை முறை மூழ்கியது என்று எண்ண முடிகிறது. அஸ்ஸாமுக்காக 1998 முதல் 2015 வரையிலான படங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட வரைபடத் தொகுதியின்படி, மாநிலத்தின் 28.75 சதவீதம், அதாவது 22.54 லட்சம் ஹெக்டேர், ஒருமுறையேனும் வெள்ளத்தில் மூழ்கியுள்ளது. மூழ்கிய எண்ணிக்கையைப் பொறுத்து நிலம் மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிய பள்ளியை எங்கே கட்டலாம், மக்கள் தஞ்சமடையும் மேட்டுத்திடலை எங்கே எழுப்பலாம் போன்ற கேள்விகளுக்கு இது நேரடி விடை தருகிறது. மேகாலயாவின் உமியமில் உள்ள வடகிழக்கு விண்வெளிப் பயன்பாட்டு மையம், 2009-இல் லக்கிம்பூர் மாவட்டத்தில் தொடங்கிய வெள்ள முன்னெச்சரிக்கைத் திட்டம், மழைக் கணிப்பையும் ஆற்றுப் படுகையின் அமைப்பையும் இணைத்து இன்னொரு படி முன்னே செல்கிறது.

இத்தொகுதியிலும் நீரின் ஆழம் இல்லை. முழங்கால் அளவு நீரும் கூரை அளவு நீரும் ஒரே நிறம்தான். துல்லியமான நில உயரத் தரவுடன் இணைத்தால்தான் ஆழத்தைக் கணக்கிட முடியும். சில மீட்டர் உயர வேறுபாடு மட்டுமே உள்ள சமவெளியில் உயரத் தரவின் சிறு பிழையும் கணக்கைக் கவிழ்த்துவிடும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ரிசாட்-1, இஓஎஸ்-04 கோள்களின் அலைநீளம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். நிசாரின் ஓர் அலைவரிசை சுமார் 24 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்டது. நீண்ட அலை இலைத்தொகுதியை ஊடுருவிச் செல்வதால், மரச்செறிவுக்கு அடியில் தேங்கிய நீரையும் கண்டறிய வாய்ப்பு கூடுகிறது. ஆயினும், அதுவும் ஒரே பாதைக்குத் திரும்ப 12 நாள்கள் எடுத்துக்கொள்கிறது.