மருந்தடித்தது யார்? கொங்குப் பருத்தியின் எழுதாத கணக்கு

கோயம்புத்தூரின் வரலாற்றைப் பெரும்பாலும் பருத்தியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கம்போடியாப் பருத்தி வந்தது, பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் ஓடியது. உழைப்பாளி விவசாயியும் துணிச்சலான முதலாளியும் சேர்ந்து வறண்ட பூமியைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ ஆக்கினார்கள் என்பதுதான் நமக்குச் சொல்லப்படும் கதை. இதில் செடிக்கும் மில்லுக்கும் நடுவே ஓர் ஆள் காணாமல் போகிறார். முதுகில் டேங்கைச் சுமந்து பருத்திக்கு மருந்தடித்தவர் அவர்.

பூச்சி புதிதல்ல. மானாவாரிக் காடுகளில் கருங்கண்ணியும் உப்பமும் விளைந்த நாட்களிலும் பூச்சி இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் கம்போடியாப் பருத்தி பரவியபோது தொல்லை கூடியது. அன்றைய சென்னை மாகாண அரசு 1919இல் பயிர்ப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அறுவடை முடிந்த பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும் என்பது அதன்கீழ் வந்த உத்தரவு. அடுத்த பருவம் வரை பூச்சிக்குச் சாப்பாடு இல்லாமல் செய்வதுதான் நோக்கம். ரசாயனம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் வேறு வழி ஒன்று இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்தது கவலை. பறியும் தும்பியும் தோல். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர். மாட்டை ஓட்டி நீர் இறைத்தவர்களிலும் அருந்ததியப் பண்ணையாட்கள் ஏராளம். 1930களில் மின்சாரம் வந்து மோட்டார் பரவப் பரவ, கவலை போனது, தோல்வேலையும் போனது. பண்ணையம் மட்டும் போகவில்லை. முன்பணம் வாங்கி வருஷக் கணக்கில் ஒரே தோட்டத்தில் கட்டுண்டு கிடக்கும் முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. பொருளாதார ஆய்வாளர் ஜூடித் ஹேயர் 1981–82இல் கோவை மாவட்டக் கிராமங்களை ஆய்வு செய்து, 1996இல் திரும்பவும் வந்து பார்த்தார். அவர் எழுதியதன் சாரம் நம் வளவுகளுக்குத் தெரிந்ததுதான்: நிலம் கவுண்டர்களிடம் குவிந்திருந்தது, அருந்ததியர் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளாக இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி. பவுடர்கள் வந்தன. பிறகு பாலிடால், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை விஷங்கள் வந்தன. பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைப்பதற்கு முன், நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் 5 சதவீதமே இருந்த பருத்தி, மொத்தப் பூச்சிமருந்தில் ஏறத்தாழ பாதியைக் குடித்தது. இதற்கெல்லாம் நம் ஊரில் ஒரே பெயர், ‘மருந்து’. அடித்தாலும் மருந்து, குடித்துச் செத்தாலும் மருந்து.

பாஸ்பரஸ் வகை விஷம் உடம்புக்குள் போக வாய் தேவையில்லை. தோல் வழியாகவே ஏறும். ஒழுகும் டேங்க் முதுகை நனைக்கும், எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். நரம்புக்குத் தேவையான ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. வியர்வை, எச்சில், தலைசுற்றல், கண் மங்கல், கைநடுக்கம் எல்லாம் வருவது அதனால்தான்.

ஆந்திரப் பருத்திக் கிராமங்கள் மூன்றில் 2003இல் நடந்த ஓர் ஆய்வு இதை அளந்தது. பருத்தி விளைவிக்கும் பெண்கள் தங்கள் உடலிலும் தங்கள் வீட்டு ஆண்களின் உடலிலும் தெரிந்த அறிகுறிகளைக் குறித்து வைத்தார்கள். பதிவான 323 நிகழ்வுகளில் 83.6 சதவீதத்தில் லேசானது முதல் கடுமையானது வரை விஷ அறிகுறிகள் தெரிந்தன. 6 சதவீதத்தில் நரம்புப் பாதிப்பு மிகக் கடுமை. ஆனாலும் ஒருவர்கூட மருத்துவமனைக்குப் போகவில்லை. நிலம் அதிகம் உள்ளவர்களைவிட வருமானம் குறைந்த குறுவிவசாயிகள் கடுமையான விஷப் பாதிப்புக்கு அதிகம் ஆளானார்கள். மருந்தைக் கலக்கி டேங்கில் ஊற்றிக் கொடுத்த பெண்களும் தப்பவில்லை. மருத்துவமனைக்குப் போகாத நோய்க்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாத நோய் எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

பொருளாதாரம் படிக்கும் தோழர்கள் இங்கே இன்னோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸ் நெல் விவசாயிகளைப் பற்றி ரோலா, பிங்காலி என்ற இருவர் 1993இல் வெளியிட்டது அது. மருந்தின் விலையையும் கிடைக்கும் விளைச்சலையும் மட்டும் பார்க்காமல், மருந்தடித்தவரின் மருத்துவச் செலவையும் படுத்துக் கிடந்த நாட்களின் கூலி இழப்பையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்ததும், பூச்சியை இயற்கை எதிரிகளிடம் விட்டுவிடுவதே லாபம் என்று கணக்கு மாறியது. பக்கத்து இந்தோனேசியா 1986இலேயே நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து, அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மானியத்தையும் நிறுத்தியது.

அந்தக் கணக்கைக் கொங்கு நாட்டில் போட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் வரும். தன் வயலுக்குத் தானே மருந்தடிப்பவருக்கு லாபமும் நோயும் ஒரே வீட்டுக்குள் வருகின்றன. என்றைக்காவது அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், மருந்தைக் குறைப்பார். பண்ணையத்தில் லாபம் தோட்டத்துச் சாளைக்குப் போகிறது, நோய் வளவுக்குப் போகிறது. நில உடைமையாளரின் நோட்டில் பாட்டில் விலையும் ஆள் கூலியும்தான் இருக்கும். மருந்தடித்த ஆள் மறுநாள் எழவில்லை என்றால் அந்தச் செலவு வேறொரு குடும்பத்துடையது. வாங்கிய முன்பணம் கழியாதவரால் ‘எனக்கு முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்’ என்று சொல்லவும் முடியாது. ஆக, தேவைக்கு மேல் மருந்தடிப்பதற்கு அறியாமை மட்டும் காரணமாகாது. அடிப்பதன் முழுச் செலவையும் அடிக்கச் சொல்பவர் ஏற்க வேண்டியதில்லை. சாதி அந்தச் செலவை இன்னொரு தெருவுக்குத் தள்ளிவிடுகிறது.

எல்லாச் செடிக்கும் தலித்துகள்தான் மருந்தடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்தமாக டேங்க் தூக்கிய சிறு கவுண்டர் விவசாயிகளும் இதே விஷத்தைச் சுவாசித்தார்கள். அவர்களுடைய இழப்பும் உண்மையானது. ஆனால் அவர்களுக்கு விவசாயி என்ற பெயராவது இருந்தது.

1958இல் கேரளத்தில் பாலிடால் கலந்த கோதுமை மாவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. தெளிப்பவருக்குக் கையுறை, காலணி, முகக்கவசம், பயிற்சி எல்லாம் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விஷப் பாதிப்புகளைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது சட்டத்தின் 26ஆவது பிரிவு. ‘அறிவிக்கலாம்’ என்ற ஒரு சொல்லில் எத்தனையோ பேரின் நோய் கணக்கில் ஏறாமல் போயிருக்கிறது.

1970களில் இதே கொங்கு மண்ணில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாபெரும் விவசாயிகள் இயக்கம் எழுந்தது. மின்கட்டணம், கடன், விளைபொருள் விலை ஆகியவை அதன் முழக்கங்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தத் தியாகத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தடிக்கும் கூலியாளின் உடம்பு அந்த மேடைகளின் மையக் கோரிக்கையாகவில்லை. அங்கே ‘விவசாயி’ என்றால் நிலம் உள்ளவர்.

கூலித் தொழிலாளர் தாங்களே அமைப்பானபோது நடந்தது வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்த பிலிப்பினோ, மெக்சிகத் தொழிலாளர்கள் 1965இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1970இல் தோட்ட முதலாளிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் கூலியோடு பூச்சிமருந்துப் பாதுகாப்பும் இடம்பெற்றது. டி.டி.டி. தெளிப்பதற்குத் தடையும் அதில் இருந்தது. அமெரிக்க அரசு டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல்தான்.

எண்ணினால்தான் ஆள் கண்ணுக்குத் தெரிவார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014 முதல் தற்கொலைக் கணக்கில் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் தனித்தனியாகக் காட்டுகிறது. 2022இல் சாகுபடியாளர்கள் 5,207 பேர், கூலிகள் 6,083 பேர். பிரித்து எழுதியதால்தான் கூலிகளின் சாவு அதிகம் என்பது வெளியே வந்தது. மருந்து பாதித்தவர்களின் கணக்கையும் இப்படிப் பிரித்து எழுத வேண்டும்.

இன்று வளவின் இளைஞர்கள் பலர் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் மிஞ்சியிருப்பவர்களில் வயதானவர்கள், பெண்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் உண்டு. ஆள் மாறினாலும் கணக்கு மாறவில்லை. ஆகவே கோரிக்கை எளிது. 26ஆவது பிரிவின்கீழ் கட்டாயப் பதிவு வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டில் ‘சொந்த நிலமா, கூலியா’ என்ற கேள்வி வேண்டும். பட்டா இல்லாதவருக்கும் பயிற்சியும் கவசமும் இழப்பீடும் கிடைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு முன் மருந்தடித்த தாத்தாக்களிடமும் அம்மாயிகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். என்ன மருந்து, யார் தோட்டம், என்ன கூலி, அன்று இரவு உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுதி வையுங்கள். கொங்கு வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறார்கள்.