நோவும் நோக்கமும்: வேலூர் வரலாற்றில் இரு பக்கங்கள்

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யாருடைய பாவத்தின் பலன் என்று வினவினர். ஆண்டவர் அப்பாவக் கணக்கை மறுத்தார். தேவனுடைய கிரியைகள் வெளிப்பட வேண்டுமென்றார். உடனே தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கினார் (யோவான் 9). நோயாளியின் கட்டிலருகே நிற்கும் நாமோ, அவருடைய சொல்லைப் பற்றிக்கொண்டு சேற்றை மறந்துவிடுகிறோம். துன்பத்திற்கு நோக்கம் உண்டென்று கூறி, ஜெபித்து, வீடு திரும்புகிறோம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு இவ்வழக்கத்தை ஆராயத் தூண்டுகிறது.

மிஷனெரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946இன் இறுதியில் வேலூர் வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றுமாறு கூறினார். பிடியின் வலிமை அவரைத் திடுக்கிடச் செய்தது. செயலிழந்த தசைகளோடு செயலிழக்காத தசைகளும் அக்கையில் இருந்தன என்பது விளங்கிற்று. நல்ல தசையின் நாணை இடம் மாற்றி விரல்களை இயக்கும் அறுவை முறை 1948 முதல் வேலூரில் உருப்பெற்றது.

தொழுநோய் சதையைத் தின்கிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டும் அவருடைய தோழர்களும் கண்டது வேறு. நரம்புகள் கெட்டு நோவுணர்வு அற்றுப்போவதால், சுடும் பாத்திரத்தையும் காலில் தைத்த முள்ளையும் நோயாளி அறிவதில்லை. உறங்குகையில் எலி கடித்து விரல் இழந்தோரும் இருந்தனர். அதனால் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன! நோவு ஓர் ஈவு என்று பிராண்ட் பிற்காலத்தில் எழுதியது இவ்வனுபவத்தினின்று பிறந்ததே. ஆனால் அவர் கூறியது உடலைக் காக்கும் நோவுணர்வைப் பற்றி. அதை எல்லாத் துயரத்திற்கும் விரித்து, புத்திரசோகத்தில் இருக்கும் தாயிடம் சொல்வது முறையன்று.

கை சீரானதும் கதை முடியவில்லை. குணமான கையைக் கண்டு எவரும் பிச்சையிடவில்லை; நோயின் தழும்பு தெரிந்ததால் எவரும் வேலையும் தரவில்லை. இம்முறையீட்டுடன் திரும்பி வந்தவரைப் பற்றிப் பிராண்டே கூறியுள்ளார். இதன் பின்னரே, கைத்தொழில் கற்பிக்கும் நவஜீவன நிலையம் கல்லூரி வளாகத்தில் எழுந்தது. அறுவைக் கூடத்தில் தொடங்கிய சுகம் தச்சுப் பட்டறை வரை செல்ல வேண்டியிருந்தது. ஊராரும் சபையாரும் கதவைத் திறந்திருந்தால் அந்நிலையத்தின் வேலை எவ்வளவோ எளிதாயிருக்கும்.

இரண்டாவது பக்கம் மருத்துவர் மேரி வர்கீஸ் உடையது. கேரளத்தவரான அவர், வேலூரில் பயின்று மகப்பேறு மருத்துவராக விரும்பியவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் சேதமுற்று, இடுப்பின்கீழ் இயக்கம் அற்றது, முகத்திலும் காயம். உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை என்று பிராண்ட் வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹவார்டு ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார்.

நம் பிரசங்கங்களில் மேரி வர்கீஸ் அடிக்கடி வருகிறார், ஆனால் அரைகுறையாக. 1963இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலோடு நாம் நிறுத்திவிடுகிறோம். தண்டுவடம் முறிந்தோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் திறக்கப்பட்டது அதற்குப் பின், 1966இல். விபத்துக்கும் அதற்குமிடையே பன்னிரண்டு ஆண்டுகள்: படுக்கைப் புண், மீண்டும் மீண்டும் அறுவை, பிறர் தூக்கிவிட வேண்டிய நிலை, பயிற்சியாளரின் கண்டிப்பு. அவ்விபத்தை இதற்காகவே தேவன் அனுப்பினார் என்று கூற நமக்குத் துணிவில்லை. அவ்விபத்துக்குப் பின் தேவன் அவரைக் கைவிடவில்லை என்று கூறலாம். அதற்கு உடன்பணியாளர் பலருடைய கைகள் சாட்சி.

1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார். கால்கள் இறுதிவரை இயக்கம் பெறவில்லை. மரத்திலிருந்து விழுந்தும் வாகனம் மோதியும் நடையிழந்தவர்கள், தாமே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் வித்தையைப் பாகாயத்தில் இன்றும் கற்று வருகின்றனர்.