உலக அறிவின் திறவுகோல்

உலகின் அறிவனைத்தையும் ஓரிடத்தில் திரட்டினால் நாடுகளிடையே பகைமை நீங்கும் என்று பெல்ஜிய நாட்டவர் இருவர் நம்பினர். பால் ஒட்லே, ஆன்ரி லா ஃபோந்தேன் ஆகிய அவர்கள் 1895இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பன்னாட்டு நூல்விவர நிறுவனத்தைத் தொடங்கினர். எப்பொருள் பற்றி எந்நூல் உள்ளது என்பதைச் சிறு அட்டைகளில் எழுதி, பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்கினர். காலப்போக்கில் அட்டைகள் ஒரு கோடியைக் கடந்தன. அஞ்சலில் வினவியோர்க்கு விடையும் சென்றது. லா ஃபோந்தேன் 1913இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. 1934இல் அரசு அந்நிலையத்தை மூடியது. 1940இல் நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர் சேகரிப்பின் ஒரு பகுதியை அழித்தனர்.

1998இல் தோன்றிய கூகுள் நிறுவனமும் உலகத் தகவல்களை ஒழுங்குபடுத்துவதே தன் நோக்கம் என்றது. இன்று நொடிப்பொழுதில் விடை கிடைக்கிறது. ஏழை மாணவனுக்கும் அது பெரும்பேறே. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. ஒட்லேயின் பகுப்புமுறை நூலாகவே அச்சிடப்பெற்றது. எவரும் அதனை ஆராயலாம், மறுக்கலாம். எதனை முதலில் காட்டுவது எனக் கூகுள் தீர்மானிக்கும் முறையோ வணிக இரகசியம். அதன் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது.

அரசின் தயவில் வாழ்ந்த அறிவகம் அரசின் ஆணையால் மூடப்பட்டது. வணிகத்தின் தயவில் வாழ்வது எதற்கு ஆட்படும்? அறிவைத் திரட்டுவோரைப் போற்றும் நாம், அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது என்றும் வினவுதல் வேண்டும்.