ஊசிப் பரிமாற்றத் திட்டமும் சட்டமும்: கண்டி

ஊசியால் போதைப்பொருள் ஏற்றிக்கொள்வோரிடமிருந்து பாவித்த ஊசியையும் சிரிஞ்சையும் வாங்கிக்கொண்டு, தொற்று நீக்கிய புதியவற்றை இலவசமாகக் கொடுக்கும் பொதுச் சுகாதாரச் சேவை ஊசிப் பரிமாற்றத் திட்டம் எனப்படும். ஒரே ஊசி பல கைகளுக்கு மாறும்போது எச்.ஐ.வியும் ஈரலழற்சி பி, சி வைரசுகளும் நேரே இரத்தத்தில் கலக்கின்றன. ஈரலழற்சி சி வைரசு சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடும் என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. 1984 இல் ஆம்ஸ்டர்டாமில் போதைப்பொருள் பாவிப்போரின் சங்கம் ஒன்றே முன்னின்று, ஈரலழற்சி பி பரவாதிருக்க இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. இன்று 90 க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தச் சேவை உண்டு. இலங்கை அவற்றுள் ஒன்றல்ல. ஆகவே கண்டியிலும் இத்தகைய நிலையம் கிடையாது.

இதற்கு முதற் காரணம் பாவனை முறை. இலங்கையில் ஹெரோயின் பாவிப்போரில் மிகப் பெரும்பாலானோர் அதை ஈயத்தாளில் சூடாக்கி வரும் புகையை உள்ளிழுக்கிறார்கள். ஊசி ஏற்றுவோர் சிறுதொகையினர். நாட்டில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி பரவலும் 0.1 சதவீதத்துக்குக் குறைவு. இந்த நிலை நாளையும் இப்படியே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஊசிவழிப் பாவனை பற்றி 2022 இல் யாழ்ப்பாணத்திலிருந்து தொடர்ந்து செய்திகள் வந்தன. ஒரு நகரில் புகையிலிருந்து ஊசிக்கு மாறுவதற்கு ஹெரோயின் தூளின் விலை ஏறுவதோ, தரம் குறைவதோ போதும்.

இரண்டாவது காரணம் சட்டம். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. 1984 இல் வந்த 13 ஆம் இலக்கத் திருத்தம் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயின் தொடர்பான குற்றங்களுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்று கடுமையாக்கியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமினையும் உள்ளே கொண்டுவந்தது. இவற்றின் நடுவே, தூளின் எச்சம் ஒட்டிய சிரிஞ்சு சுகாதாரப் பணியாளருக்குத் தொற்றின் ஊற்று. பொலிசாருக்கு அதுவே தடயப்பொருள். பாவித்த ஊசியைத் திருப்பிக் கொடுக்க வருபவர் வழியில் சோதனையிடப்படுவார் என்றால், எவ்வளவு நல்ல நிலையமும் வெறிச்சோடிக் கிடக்கும். சிரிஞ்சின் விலை பெரிய தடையல்ல. அதைக் கையில் வைத்திருக்கும் பயமே தடை.

இலங்கைச் சட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபின் கடைகளை மூடிய பிரித்தானிய அரசு, பழக்கத்துக்கு அடிமையானவர்களைப் பதிவேட்டில் சேர்த்து, அரச மருத்துவத் துறையின் வழியாகவே அவர்களுக்கு அளவாக அபின் வழங்கியது. நாட்டு வைத்தியர்களுக்கும் ஒதுக்கீடு இருந்தது. நோக்கம் வருமானமா கருணையா என்ற விவாதம் இருக்கட்டும். அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் மருந்தகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இந்தத் தீவில் ஒருகாலம் சட்டமாகவே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இன்று கண்டியில் இருப்பவை எவை? 1984 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இங்கே ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் தாமாக முன்வருவோருக்கான சிகிச்சையோடு, நீதவானின் கட்டளைப்படி கட்டாயச் சிகிச்சைக்கும் வழி செய்கிறது. போதைப்பொருள் பாவிப்போரைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் நிலையங்களை மூடும்படி ஐக்கிய நாடுகள் அமைப்புகள் பன்னிரண்டு 2012 இல் கூட்டாகக் கேட்டுக்கொண்டதை இங்கே நினைவுகூர வேண்டும். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தோடு இணைந்த சிகிச்சை நிலையமும் கண்டியில் உண்டு, அங்கே எச்.ஐ.வி பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு இடங்கள் சான்று. ஒன்று இந்தியாவின் மணிப்பூர். அங்கே ஊசி ஏற்றுவோரிடையே 1989 இல் தென்படத் தொடங்கிய எச்.ஐ.வி, சில மாதங்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பற்றிக்கொண்டது. 1996 இல் அம்மாநிலம் பாவனையால் வரும் தீங்கைக் குறைக்கும் அணுகுமுறையைத் தன் எயிட்ஸ் கொள்கையாகவே ஏற்றது. மற்றது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஸ்காட் கவுண்டி. ஏறத்தாழ 4,000 பேர் வாழும் ஆஸ்டின் என்ற சிற்றூரில் வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்களிடையே தொற்று பரவி, 2015 முடிவதற்குள் 180 பேரைத் தாண்டியது. ஊசிப் பரிமாற்றத்துக்கு அங்கே சட்டத் தடை இருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் ஆளுநர் அவசரநிலை அறிவித்த பிறகே நிலையம் திறந்தது. சட்டம் நோய்க்குப் பின்னால் ஓடியதன் விலை அது.

இத்தகைய சட்டத் தடைக்கு இந்தியா எழுதிய விடை இலங்கைக்கு அருகிலுள்ள முன்மாதிரி. 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டின் எச்.ஐ.வி, எயிட்ஸ் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, அரசின் வழிகாட்டலின்படி தொற்று அபாயத்தைக் குறைக்கச் செய்யும் எந்தச் செயலும் வேறெந்தச் சட்டத்தின் கீழும் குற்றமாகாது என்கிறது. போதைப்பொருள் தண்டனைகள் அப்படியே இருக்க, சுத்தமான ஊசி கொடுக்கும் பணியாளருக்கும் வாங்குபவருக்கும் மட்டும் காப்புக் கிடைத்தது. இலங்கைப் பாராளுமன்றத்தில் இப்படி ஒரு பிரிவு நிறைவேறினால், கண்டியில் புதுக் கட்டிடம்கூட வேண்டியதில்லை, இருக்கும் எச்.ஐ.வி நிலையத்தின் ஒரு மேசை போதும்.

பரிமாற்றம் என்ற சொல்லின் மறுபாதி பலர் கண்ணில் படுவதில்லை. திரும்பி வராத ஊசி குப்பைக்குள் போகிறது. கண்டி நகரத்துக் குப்பை கொஹாகொடைக்குச் செல்கிறது. அதை அள்ளுவோரில் பலர் மஹையாவையில் வாழும் தமிழர்; இந்தியாவிலிருந்து நகரசுத்திக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். தூளைத் தொட்டே அறியாத அவர்களுடைய விரலில்தான் அந்த முனை முதலில் குத்தும்.