வார்டில் பிறந்த படிப்பு: இந்தியாவில் மருத்துவ உளவியல் பயிற்சியும் அந்தமானின் தேவையும்

மருத்துவ உளவியல் பயிற்சி இந்தியாவில் மனநல மருத்துவமனையின் வார்டுக்குள் பிறந்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பிறப்பிடத்தின் சாயல் அதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் தொடக்கமே வேறு. 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் திறந்த உளவியல் சிகிச்சை நிலையத்துக்கு முதலில் வந்தவன், எழுத்துக்கூட்டுவதில் தடுமாறிய ஒரு பள்ளி மாணவன். வீட்டிலிருந்து வந்து வீட்டுக்கே திரும்புபவர்களைப் பார்த்து அங்கே தொழில் கற்றார்கள். அந்த வித்து நம் மண்ணிலும் விழுந்தது. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், கல்கத்தா பல்கலைக்கழக உளவியல் துறையின் தலைவராகவும் இருந்தார். ஆயினும் நாடு தழுவிய பயிற்சி முறை அங்கிருந்து வளரவில்லை.

அது வளர்ந்தது பெங்களூரில். மைசூர் அரசு மனநல மருத்துவமனையை ஒட்டி 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. மறு ஆண்டே மருத்துவ உளவியல் பட்டயப் படிப்பு தொடங்கியது. 1962இல் ராஞ்சி மனநல மருத்துவமனை அதே வழியில் வந்தது. 1974இல் பெங்களூரின் இரு நிறுவனங்களும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. நோயாளிகள், மனநல மருத்துவர்கள், மேற்பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே வளாகத்தில் கிடைத்ததால், மருத்துவமனையிலேயே பயிற்சி என்பது அன்றைக்குச் சரியான முடிவுதான். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டமும், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியைத் தகுதியாகச் சொல்லும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்தப் பாதையை உறுதிப்படுத்தின. ஆனால் பெரிய மருத்துவமனை உள்ள ஊரில்தான் பயிற்சி என்றானபோது, அது இல்லாத ஊர்கள் பயிற்சி பெற்றவர்களையும் இழந்தன.

அந்தமானில் போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவிலிருந்து பார்த்தால் இந்த இழப்பு தெளிவாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பின் நிம்ஹான்ஸ் குழுவினர் அந்தமான் முகாம்களில் அரும்பணி ஆற்றினார்கள். முகாமுக்கு வருபவர் திரும்பிப் போயாக வேண்டும். துயரமோ ஆண்டுக்கணக்கில் நீளும். வங்காளி, தமிழ், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி பேசும் குடும்பங்கள் வாழும் தீவுகளில், வாரந்தோறும் அதே முகத்தைப் பார்த்துப் பேசும் வாய்ப்பைப் புறநோயாளர் பிரிவால்தான் தர முடியும். ஆகவே பயிற்சியும் அத்தகைய பிரிவில் நடக்க வேண்டும்.

புறநோயாளர் பிரிவில் மட்டும் பழகுபவர் கடும் மனநோயைக் கையாள அறியமாட்டார் என்ற மறுப்பு வலுவானது, அதை ஏற்கிறேன். அதனால்தான் உள்நோயாளர் பயிற்சியை நீக்கச் சொல்லவில்லை. அதற்காகச் சில மாதங்கள் பெருநிலத்துக்குச் சென்று வரலாம். 2022இல் வந்த டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை போதாதா என்றும் கேட்பார்கள். நள்ளிரவில் தவிப்பவருக்கு அது பேருதவி. ஆனால் மாணவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கேட்கத் தவறிய கேள்வியைச் சுட்டிக்காட்டும் மேற்பார்வையாளருக்கு அது ஈடாகாது.

இத்தகைய பயிற்சிக்கான அடித்தளம் அந்தமானில் ஏற்கெனவே இருக்கிறது. 2015இல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் கழகம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதுச்சேரியில் பயன்பாட்டு உளவியல் துறையும், போர்ட் பிளேரில் கடல் உயிரியல் கற்பிக்கும் வளாகமும் உள்ளன. கடலைப் படிக்கத் தீவுக்கு வந்த பல்கலைக்கழகம், அங்குள்ள மனிதரின் மனத்தைப் படிக்கவும் மாணவர்களை அனுப்ப வேண்டும். கராச்சர்மா போன்ற ஊரில் மேற்பார்வையாளருடன் ஒரு புறநோயாளர் பயிற்சிப் பிரிவைத் திறக்க வேண்டும்.