எழும்பூரில் ஒரு எட்டு வயசு சட்டாம்பிள்ளை

ஆறாங்கிளாஸ்ல என்னைய லீடர் ஆக்கினாங்க. கையில ஒரு சாக்பீஸ், "பேசுறவன் பேரை போர்டுல எழுது"ன்னு ஒரு உத்தரவு, அவ்ளோதான். எழுதினேன். சிநேகிதன் பேரை மட்டும் விட்டுட்டேன் :-)

இப்போ ஆபீஸ்ல மூணு புதுப் பசங்களை என் பொறுப்புல விட்டிருக்காங்க. அதனாலதான் ஆண்ட்ரூ பெல் கதை ஞாபகம் வந்துச்சு.

ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார். 1789-ல எழும்பூர்ல, ஐரோப்பிய சிப்பாய்களோட ஆண்பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேத்தார். ஒருநாள் குதிரையில போறப்ப, நம்மூர் பள்ளிக்கூடத்துப் பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்த்தார். காகிதமும் வேணாம், மையும் வேணாம். நாமளும் செய்யலாமேன்னு சொன்னா, கடைசி வகுப்பு உதவி வாத்தியார் மசியலை. மனுஷன் ஜான் ஃபிரிஸ்கென்ங்கிற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு அந்த வகுப்பையே ஒப்படைச்சுட்டார். பையன் சொல்லிக்கொடுத்துட்டான்!

அப்புறம் பள்ளி முழுக்க இதே முறைதான். நல்லா படிக்கிறவன் பக்கத்துல படிப்பு வராதவன். தப்பு செஞ்சா ஒரு கறுப்புப் புத்தகத்துல ஏறும். வாரம் ஒருதரம் பசங்களே கூடி விசாரிப்பாங்க. லீடர் தனியா தீர்ப்பு சொல்ல முடியாது. (இது மட்டும் எங்க கிளாஸ்ல இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன்.)

மணல் நம்மகிட்ட எடுத்ததுன்னு பெல் ஒத்துக்கிட்டார். பையனை வச்சுப் பையனுக்குச் சொல்லித்தர்றது மட்டும் தன்னோட கண்டுபிடிப்பாம். நம்ம திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை சிரிச்சிருப்பார்!

1796-ல ஊர் திரும்பினவர், 1797-ல லண்டன்ல இதைப் புத்தகமாப் போட்டார். 'மெட்ராஸ் முறை'ன்னே பேர். ஜோசப் லங்காஸ்டரும் லண்டன்ல இதே மாதிரி நடத்தினார், ஒரு வாத்தியாருக்கு நூத்துக்கணக்குல பசங்க. செலவு கம்மிங்கிறதால இங்கிலாந்து முழுக்கப் பரவிடுச்சு. கோளாறும் அங்கதான். காலையில வாத்தியார் சொன்னதை லீடர் பையன் அப்படியே ஒப்பிப்பான். அவனுக்கே புரியலைன்னா? லங்காஸ்டர் பள்ளியில தண்டனையா கழுத்துல மரக்கட்டை வேற மாட்டினாங்க.

1846-ல அரசாங்கம் முறையை மாத்துச்சு. பதிமூணு வயசுக்கு மேல, அஞ்சு வருஷப் பயிற்சி. முதல் வருஷம் பத்து பவுண்டு சம்பளம், கடைசி வருஷம் இருபது. தினமும் ஒன்றரை மணி நேரம் தலைமை வாத்தியார் அவங்களுக்குத் தனியா பாடம் எடுக்கணும். அதுக்கு அவருக்கும் தனியா காசு உண்டு.

எங்க ஆபீஸ்ல அந்த ஒன்றரை மணி நேரத்தை டைம்ஷீட்ல எந்தத் தலைப்புல போடுறதுன்னுதான் இப்போ யோசிச்சிட்டிருக்கேன்.